இருநூற்றுப் பத்து நாள்

பொள்ளாச்சி அக்காவுக்கு,

உங்கள் பெயர் ரங்கநாயகி என்று பஸ்ஸில் ஒட்டியிருந்த பட்டியலில் பார்த்தேன். ஆனாலும் நாலு நாளாக எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி பொள்ளாச்சி அக்கா என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

சாப்பாட்டு மேசையில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். மற்ற எல்லோரும் என் முதுகைத் தடவி, "பாவம், இனி புள்ளையத் தனியாத் தூக்கிட்டுப் போகாதம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மட்டும் ரசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டே கேட்டீர்கள்:

"ஏங்கண்ணு, புள்ளையத் திருடறவ துணிக்குள்ள மறைச்சுக்கிட்டு ஓடுவாளா, இல்ல தலைக்கு மேல தூக்கி ஊருக்கே காட்டிக்கிட்டு ஓடுவாளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொல்லிவிட்டார். "அக்கா, நீங்க ஒண்ணு! எப்படி ஓடினா என்ன? ஓடினாளா இல்லையா?" எல்லோரும் அதுதானே, அதுதானே என்றார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தண்ணீர் குடித்தேன்.

ஓடினாள், அக்கா. அது உண்மை. அதை நான் யாரிடமும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

இதை எங்கள் ரூம் பாத்ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே விளக்கு போட்டால் இவர் எழுந்துவிடுவார். பிள்ளை மிருதுளா கட்டிலில் இவர் பக்கம் படுத்திருக்கிறாள், இரண்டு பக்கமும் தலையணை வைத்திருக்கிறேன். எழுதுவது ஹோட்டல் லெட்டர் பேடில். தாள் சின்னது, தென்னை மரம் படம் வேறு போட்டிருக்கிறார்கள், எழுத்து அதன் மேல் ஏறுகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள். காலையில் ஒன்பது மணிக்கு டூர் மேனேஜர் ஒரு பேப்பர் கொண்டுவருவார். அந்தப் பொம்பளை என் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள் என்று அதில் டைப் அடித்திருக்கும். நான் கையெழுத்துப் போட வேண்டும். பதினொரு மணிக்கு நமக்கு ஏர்போர்ட் பஸ். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

நான் முதலிலேயே வரமாட்டேன் என்றேன். பெயின்ட் கம்பெனி டீலர் டூர், டார்கெட்டை முடித்த கடைக்காரர்களை ஜோடியாகப் பாலிக்குக் கூட்டிப்போகிறார்கள். திண்டுக்கல்லில் எங்கள் கடைக்கு இதுதான் முதல் தடவை. இவர் அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து கல்லாவுக்கு மேல் மாட்டிவிட்டார். "ஆபரேஷன் ஆன உடம்பு, அஞ்சு மாசக் குழந்தை, எப்படிங்க?" என்றேன். "வீட்டுக்குள்ளயே இருந்து இருந்துதான் உனக்கு இப்படி முகம் செத்துப்போச்சு. கடல் பாரு, டான்ஸ் பாரு, நாலு பேரோட பேசு, எல்லாம் சரியாயிரும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதை எழுதாமல் விட்டால் தப்பாகிவிடும்.

அன்றைக்கு, அதாவது இன்றைக்குக் காலையில், நம் கைடு புத்து பஸ்ஸில் மைக்கைப் பிடித்து எவ்வளவோ சொன்னான். யாரும் கேட்கவில்லை. பின்னால் சீட்டு விளையாட்டு. மிருதுளாவைப் பார்த்துவிட்டு, எத்தனை மாசம் என்று கேட்டான். ஐந்து என்றேன். அவன் ஊர்ப்பக்கம் பிறந்த பிள்ளையை இருநூற்றுப் பத்து நாளுக்குத் தரையில் விடமாட்டார்களாம். கால் மட்டுமில்லை, எதுவும் படக் கூடாதாம். அதுவரைக்கும் அது சாமியிடமிருந்து முழுசாக வந்து சேரவில்லையாம். வீட்டில் யாராவது ஒருவர் மாற்றி ஒருவர் கையிலேயே வைத்திருப்பார்களாம். அப்புறம் பூஜை செய்து முதல் முதலாகத் தரையில் வைப்பார்களாம். நீங்கள் அதற்கு, "அப்ப அந்தூட்டு மருமகளுக்குக் கொடுத்து வெச்சிருக்கு. நமக்கெல்லாம் ஒரு கையில புள்ள, ஒரு கையில தோசைக்கரண்டி" என்றீர்கள். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், அக்கா. நான் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போது நினைத்தேன்.

சாயங்காலம் கடலோரப் பாறை மேல் அந்தக் கோயில். வாசலில் எல்லோருக்கும் இடுப்பில் மஞ்சள் துணி கட்டிவிட்டார்கள். எனக்குக் கட்டிவிட்டவள்தான் அவள். பெயர் கோமாங். அப்போது தெரியாது, பிறகு புத்து சொன்னான். நாற்பது வயது இருக்கும், காதில் ஒரு பூ. நான் பிள்ளையை வைத்திருந்ததால் என்னைச் சுற்றி வந்து கட்டினாள். மிருதுளாவின் உள்ளங்காலைத் தொட்டு விரலைக் காட்டி எத்தனை என்றாள். ஐந்து விரல் காட்டினேன். உடனே தரையைக் காட்டி, கையை ஆட்டி, தலையை ஆட்டி, கூடாது கூடாது என்றாள். எனக்குப் புரிந்தது. நானும் தலையை ஆட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம். போகும்போது என் கன்னத்தைத் தட்டினாள். பிள்ளை கன்னத்தை இல்லை, என் கன்னத்தை.

அப்புறம் உங்கள் வீட்டு ஆறுச்சாமி அண்ணன் கண்ணாடியைக் குரங்கு பிடுங்கியது. அவர் அதன் பின்னால், "டேய், அது பவர் கண்ணாடிடா!" என்று ஓடினதும், ஒரு ஆள் வாழைப்பழத்தைக் கொடுத்து வாங்கித் தந்ததும், நாளைக்கு ஊருக்குப் போய் எல்லோரும் அதைத்தான் சொல்லிச் சிரித்திருக்க வேண்டும். என்னால் கெட்டுப்போயிற்று.

ஆட்டம் ஆரம்பித்தது. மேளம் இல்லை, நாயனம் இல்லை. அறுபது எழுபது ஆம்பிளைகள் இடுப்பில் கட்டம் போட்ட துணியோடு வட்டமாக உட்கார்ந்து, சக் சக் சக் சக் என்று வாயாலேயே. எனக்குப் பின்னால் தேனிக்காரர், "இத்தனை பேர் இருக்காங்க, ஒரு மேளம் வாங்க ஆளில்லையா?" என்றார். "நம்ம ரைஸ்மில்லு பெல்ட்டு சத்தம் மாதிரியே இருக்கு" என்றார் இன்னொருவர். சீதை வந்ததும், "அட, நம்ம ராமாயணம்தாண்டி!" என்று எல்லோருக்கும் சந்தோஷம். ராமன் மானைத் துரத்திப் போனான். லட்சுமணனும் போனான். சீதை வட்டத்துக்கு நடுவில் தனியாக நின்றாள். இவரும் அப்போதுதான் வீடியோ எடுக்கிறேன் என்று முன்னால் எழுந்து போனார்.

மிருதுளா அழ ஆரம்பித்தாள். முன்வரிசை வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்தாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே பாறை ஓரப் பாதைக்கு வந்தேன். அங்கே என் செருப்பு வார் அறுந்துவிட்டது. அதைச் சரிபண்ணுவதற்காக ஒரு நிமிஷம் துப்பட்டாவை மடித்துப் போட்டு பிள்ளையை அதில் கிடத்தினேன். அப்போதுதான் அவள் வந்து தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் கத்தினேன். இவர் ஓடிவந்தார். மீதி உங்களுக்குத் தெரியும்.

அவ்வளவுதான் அக்கா. இப்படித்தான் நடந்தது.

இல்லை.

மேலே செருப்பு வார் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாமா என்று பார்த்தேன். எங்கள் கான்வென்டில் சிஸ்டர் லியோனி பேனாவால் எழுதினதைக் கிறுக்கி அழிக்க விடமாட்டார்கள். தப்பாக இருந்தால் தப்பாகவே தெரியட்டும், கீழே சரியானதை எழுது என்பார்கள். அதனால் அது அங்கேயே இருக்கட்டும். என் செருப்புக்கு வாரே கிடையாது. நீங்கள்கூட முதல் நாள் ஏர்போர்ட்டில், "ஆஸ்பத்திரிச் செருப்பாட்ட இருக்குது" என்று கேலி செய்தீர்கள்.

கான்வென்ட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் வெள்ளிக்கிழமை தோறும் கத்தோலிக்கப் பிள்ளைகள் பாவசங்கீர்த்தனத்துக்கு, செய்த பாவத்தை மரப்பெட்டிக்குள் இருக்கிற சாமியாரிடம் சொல்ல, வரிசையாகக் கோயிலுக்குப் போவார்கள். நாங்கள் மற்ற பிள்ளைகள் வகுப்பிலேயே இருந்து மாரல் சயின்ஸ் நோட்டில் படம் ஒட்டுவோம். என் பெஞ்ச்காரி டெல்ஃபின் திரும்பி வரும்போது முகம் கழுவிவிட்டு வந்த மாதிரி இருப்பாள். "என்னடி சொன்னே உள்ள?" என்பேன். "சொல்லக் கூடாது." "சும்மா சொல்லுடி." "தம்பி பென்சிலத் திருடினேன்னு சொன்னேன். போதுமா? போடி!" எனக்குப் பொறாமையாக இருக்கும். பன்னிரண்டு வருஷம் அந்த ஸ்கூலில் படித்தேன், அத்தனை ஜெபமும் மனப்பாடம், ஆனால் அந்தப் பெட்டி மட்டும் எனக்குக் கிடையாது.

சரி, எழுதிவிடுகிறேன்.

பிள்ளை பிறந்து நாற்பது நாள் இருக்கும். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மிருதுளா தோளில் இருந்தாள். கைப்பிடிச் சுவர் பக்கத்தில் நின்றபோது ஒரு நினைப்பு வந்தது. இப்போது என் கை விட்டுவிட்டால்? அவ்வளவுதான், நினைப்புதான். நான் ஓடிப்போய் ரூமில் உட்கார்ந்துகொண்டேன். மறுநாள் அரிவாள்மனையைப் பார்த்தபோது வந்தது. குளிப்பாட்டும்போது தண்ணீர் அண்டாவைப் பார்த்து வந்தது. அக்கா, நான் அவளை எப்படி நேசிக்கிறேன் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. அவள் மூச்சு விடுகிறாளா என்று ராத்திரி பத்துத் தடவை மூக்கில் கை வைத்துப் பார்ப்பேன். அதே கைதான். எனக்கு அந்தக் கையைப் பார்த்தால் பயம்.

அரிவாள்மனையை எடுத்துப் பரண்மேல் போட்டேன். காய் நறுக்க மாட்டேன் என்றேன். மாமியார் சோம்பேறி என்றார்கள். மாடிக்குப் போக மாட்டேன் என்றேன். திமிர் என்றார்கள். பிள்ளைக்கு வசம்பு கட்டினார்கள், கறுப்பு வளையல் போட்டார்கள், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை திருஷ்டி கழித்தார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். இவரிடம் ஒரு நாள், "எனக்குப் பயமா இருக்குங்க" என்றேன். "எதுக்குப் பயம்? நான் இருக்கேன்ல" என்றார். எதற்கு என்று சொன்னால் பிள்ளையை என்னிடம் கொடுப்பார்களா? பைத்தியம் என்று அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அதனால், "தூக்கம் இல்லைங்க, அதான்" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பாறை ஓரத்தில் இடுப்பு உயரத்துக்குத்தான் சுவர். கீழே கடல், எவ்வளவு கீழே என்று நீங்களும் பார்த்தீர்கள். உள்ளே சக் சக் சக் சக் என்று அந்தச் சத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. காற்று பட்டதும் மிருதுளா அழுகையை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அப்போது வந்தது, அக்கா. மாடியில் வந்ததைவிடப் பெரிதாக. என் இரண்டு கையும் மரத்துப்போன மாதிரி, என்னுடையது இல்லாத மாதிரி. அருள் நிறைந்த மரியே, அருள் நிறைந்த மரியே என்று அந்த முதல் மூன்று வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொன்னேன், அடுத்தது வரவில்லை.

சுவரை விட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் வந்து, ஒரு மரத்தடியில் துப்பட்டாவை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினேன். தரையில்தான். காலையில் கேட்டது, வாசலில் அவள் கையை ஆட்டினது, எல்லாம் ஞாபகம் இருந்தது. கிடத்திவிட்டு நடந்தேன். இவரைக் கூப்பிடப் போகவில்லை. உங்களைக் கூப்பிடவும் வரவில்லை. இந்தக் கை அவளுக்கு எட்டாத தூரத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் தெரிந்தது. பின்னால் அழ ஆரம்பித்தாள். திரும்பவில்லை. சுவர் மேல் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டும் நடந்தேன்.

திடீரென்று அழுகை நின்றது. அப்போதுதான் திரும்பினேன். கோமாங் பிள்ளையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கியிருந்தாள். நேராக என்னைப் பார்த்தாள். எங்களுக்கு நடுவில் ஒரு பஸ் நீளம்கூட இல்லை. நான் நடந்து போனதை அவள் பார்த்திருக்கிறாள், அதில் சந்தேகமே இல்லை. அப்புறம் என்னவோ சத்தமாகச் சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் ஓடினாள். அங்கே பூசாரி தீர்த்தம் வைத்திருந்தார். தரையில் பட்ட பிள்ளைக்குத் தீர்த்தம் தெளிக்க ஓடினாள். தலைக்கு மேல் தூக்கினது ஏன் என்று கேட்டீர்களே, இதற்குத்தான். திரும்ப எதுவும் பட்டுவிடக் கூடாது என்று.

சத்தம் கேட்டு ஆட்டத்திலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். எல்லோரும் முதலில் அவளைப் பார்த்தார்கள், அப்புறம் கையில் பிள்ளை இல்லாமல் நின்ற என்னைப் பார்த்தார்கள். அந்த இரண்டாவது பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. "ஐயோ, என் பிள்ளை! பிடிங்க அவளை! தூக்கிட்டு ஓடறா!" என்று கத்தினது நான்தான். என் குரல்தான். அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது.

இவர் வந்து அவள் தோளைப் பிடித்துத் தள்ளினார். கல் படியில் முட்டி போட்டு விழுந்தாள். நீங்கள் அதைப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. கீழே விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள் இல்லையா, அவள் ஊன்றவில்லை. இரண்டு முட்டியும் கிழிந்து ரத்தம் வந்தது, கை இரண்டும் மேலேயே இருந்தது, பிள்ளையின் ஒரு விரல்கூடத் தரையில் படவில்லை. தேனிக்காரர் பிடுங்க வந்தார், கொடுக்கவில்லை. இவர் கேட்டார், கொடுக்கவில்லை. "பாருங்க எவ்வளவு அழுத்தம்!" என்றார்கள். அவள் முட்டி போட்டபடியே என்னை வரச்சொல்லித் தலையை அசைத்தாள். போனேன். பிள்ளையை என்னிடம்தான் கொடுத்தாள். கொடுத்துவிட்டு என் வலது கையை எடுத்துப் பிள்ளையின் தலைக்குக் கீழே வைத்தாள். இடது கையை எடுத்து முதுகுக்குக் கீழே வைத்தாள். அதற்கு மேல் தன் கையை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாள்.

பஸ் ஏறுவதற்கு முன்னால் புத்து என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "மேடம், பிள்ளை தரையில் கிடந்தது என்று கோமாங் சொல்கிறாள். யார் வைத்தது என்று கேட்டோம். பார்க்கவில்லை என்கிறாள். உங்களுக்குத் தெரியுமா?"

பார்க்கவில்லை என்று சொன்னாள், அக்கா. என்னைப் பார்த்தவள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தரையிலா? என் பிள்ளை தரையில் இல்லவே இல்லை. என் கையிலிருந்துதான் பிடுங்கினாள்" என்றேன். நல்ல இங்கிலீஷில் சொன்னேன். கான்வென்ட் இங்கிலீஷ். அவன் சொன்னான்: "நீங்கள் அப்படி எழுதிக் கொடுத்தால் அவளை இனி கோயில் வேலைக்குச் சேர்க்க மாட்டார்கள். ஊரிலும் அவள் வீட்டு விசேஷத்துக்கு யாரும் போகமாட்டார்கள். உறுதியாகத் தெரியுமா, மேடம்?" உறுதியாக என்றேன்.

இதுதான், அக்கா. நீங்கள் அப்பளம் நொறுக்கிக்கொண்டே கேட்டதற்குப் பதில்.

காலையில் புத்துவிடமும் டூர் மேனேஜரிடமும் நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட மாட்டேன். ஏர்போர்ட்டுக்கு முன்னால் பஸ்ஸை அந்தக் கோயிலுக்கு விடச்சொல்லிக் கேட்கப்போகிறேன். சொல்லிவிடலாம், சொல்வதற்கு எனக்கு வாய் இருக்கிறது. இவரிடம் சொல்வதுதான் தெரியவில்லை. அவள் முட்டியைக் கிழித்தது இவர் கைதான், ஆனால் கிழிக்க வைத்தது நான் என்று இவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு அந்தக் கை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சொன்னால் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிவிடுவாரோ என்று இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் யோசித்துத்தான் கத்துவார். மூன்று பிள்ளை பெற்றேன் என்று சொன்னீர்களே. உங்களுக்கு எப்போதாவது இப்படி வந்திருக்கிறதா? ஒரே ஒரு தடவையாவது? வரவில்லை என்றாலும் பரவாயில்லை, ஊருக்குப் போனதும் எந்த டாக்டரிடம் போய் இதைச் சொல்வது என்றாவது சொல்லுங்கள்.

இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். உங்கள் ரூம் எங்களுக்கு நாலாவது. ஆனால் இப்போது மிருதுளா எழுந்துவிட்டாள், சிணுங்குகிறாள். அழ விட்டால் இவரும் எழுந்துவிடுவார். தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். சாயங்காலத்திலிருந்து பால் கொடுக்கும்போது தவிர நான் அவளைத் தூக்கவே இல்லை, இவர்தான் வைத்திருந்தார். வலது கை தலைக்குக் கீழே, இடது கை முதுகுக்குக் கீழே. கோமாங் வைத்துக் காட்டின மாதிரி வைத்துக்கொண்டு வருவேன். காகிதம் என் விரல் இடுக்கில் இருக்கும். குனிந்து தள்ள ஒரு கையை எடுக்க வேண்டும், அதற்கு எனக்கு இன்னும் தைரியம் இல்லை. அவளைக் கீழே வைக்கவும் முடியாது. அவர்கள் கணக்குக்கு இன்னும் ஐம்பத்திரண்டு நாள் இருக்கிறது.

அதனால் காலால்தான் கதவைத் தட்டுவேன், மரியாதை இல்லை என்று நினைக்காதீர்கள். திறங்கள், அக்கா.

சுபாஷிணி